சம்மாட்டி கடித்த பெருவிரல்

நாளையிலிருந்து என் சைக்கிள் உங்கள் இருவருடையது. பின் பிரேக் பிடிக்காது. முன் பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் நின்றுவிடும், நீங்கள் மட்டும் தொடர்ந்து போவீர்கள். செயின் கழன்றால் இறங்கித் திட்டாதீர்கள். நான் திட்டாத திட்டில்லை, அதற்கு ரோசம் வரவில்லை. மணி கிடையாது. ஆனால் சில்லுக்கு மேலே கழன்று ஆடும் மட்காட் அடிக்கிற சத்தத்தில் சந்தி திரும்பும் முன்பே "ஊசிக்காரன் வாறான்" என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். நாய்களும் வேலிக்குள் போய்விடும். பூனைகள் மட்டும் ஒளியாமல் இருந்த இடத்திலேயே இருந்து உங்களைப் பார்க்கும். நான் சொல்ல வந்தது அவற்றைப் பற்றித்தான்.

ஓய்வுபெற்ற பெரியவர் மாதிரி நான் இருந்து புத்தி சொல்வதைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் இந்த வேலையை விட்டுப் போகிறவன் நான், வருகிறவர்கள் நீங்கள். அதனால் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் நான் பெரியவர். நீங்கள் ஏ.எல். வரை படித்தவர்கள். என் படிப்பு எட்டாம் வகுப்பில், வாத்தியாரின் கதிரையில் ஓரா மீன் முள்ளை வைத்ததோடு முடிந்தது. வாத்தியார் எழும்பினார், நானும் எழும்பினேன். அவர் திரும்ப இருந்தார். நான் இருக்கவில்லை.

நாயை எப்படிப் பிடிப்பது, சுருக்கை எப்படிப் போடுவது என்பதையெல்லாம் சுகாதாரப் பரிசோதகர் ஐயா காட்டித் தருவார். அது கை வேலை, ஒரு மாதத்தில் வந்துவிடும். கடி வாங்கிய ஆளைத் தேடிப் போய், அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசி எல்லாம் முடியும்வரை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். அதற்கு எவரும் எதையும் காட்டித் தரமாட்டார்கள்.

ஒன்று முதலிலேயே சொல்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் "நாய் கடிச்சதோ?" என்று கேட்காதீர்கள். எங்கள் சனத்துக்கு விசர், அதாவது வெறிநோய், என்றால் நாய். நாய் கடிக்கவில்லை என்றால் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், பொய்யும் இல்லை. "எது கடிச்சது, எது கீறினது, எது நக்கினது, கையிலை காலிலை காயம் கிடக்கோ?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

தொண்டைமானாற்றில் பாலத்தடிக்குச் சற்றுத் தள்ளி, ஆற்றங்கரையில் ஒரு கொட்டில் இருந்தது. அதில் மரியதாஸ் அண்ணை தனியாக இருந்தார். மயிலிட்டியில் சொந்த வள்ளமும் இஞ்சினும் வைத்திருந்த மனிதர். சண்டையில் சனம் இடம்பெயர்ந்தபோது உடுத்த சாரத்தோடு வந்தவர். வள்ளம் அங்கேயே நின்றுவிட்டது. மனைவியும் மகளும் படகேறி இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்தார்கள். எப்படியாவது வள்ளத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று சொல்லி இவர் நின்றார். வள்ளமும் வரவில்லை, இவரும் போகவில்லை. கடலுக்குப் போகத் தடை என்பதால் ஆற்றில் இறால் பிடிப்பவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துச் சீவித்தார்.

வலை பொத்துகிறவரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கைக்கும் வேலை இருக்கும். வலையை விறைப்பாகப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அதற்கு மரியதாஸ் அண்ணை காலை நீட்டி, பெருவிரலில் கண்ணியைக் கொளுவிக்கொள்வார். கை ஒருமுறை இழுக்க, பெருவிரல் ஒருமுறை ஆடும். நூலும் ஆடும். ஒரு பூனைக்குட்டிக்கு இதைவிடப் பெரிய கொடியேற்றம் தேவையில்லை.

குட்டி சந்நிதி முருகன் கோயில் மடத்திலிருந்து வந்தது. கோயிலடி மடங்களில் அன்னதானம் நடப்பதால் எச்சில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் குட்டி போட்டால் சனம் உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒரு தாய்ப்பூனையின் குட்டி அது. ஒரு நாள் மரியதாஸ் அண்ணை அதை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"முருகன்ரை பூனையை வேதக்காரன் களவெடுத்திட்டான்" என்றேன்.

"முருகன் ஒண்டும் கேக்கேல்லை. நீ ஆர்ரா இடையிலை?"

"பேர் என்ன வைச்சனீங்கள்? அந்தோனியோ, ஆறுமுகமோ?"

"சம்மாட்டி."

கரையில் வள்ளத்துக்கும் வலைக்கும் சொந்தக்காரரைத்தான் சம்மாட்டி என்பார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"பின்னை என்ன? வலை இழுக்கிறதில்லை, தண்டு வலிக்கிறதில்லை. ஆனால் முதல் பங்கு தனக்கு. நான் வலை பொத்த, ஆள் இருந்து பாத்துக்கொண்டிருப்பார். பொத்தினது பிழையெண்டால் காலிலை கடிப்பார்."

அன்றிலிருந்து நான் கொட்டில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "சம்மாட்டி நிக்கிறாரோ? வேலையாளோடை எனக்குக் கதையில்லை" என்பேன். உள்ளேயிருந்து, "சம்மாட்டி நித்திரை. நாளைக்கு வா" என்று குரல் வரும். பிறகு இருவரும் பாலில்லாத பிளேன்ரீ குடிப்போம். அவரிடம் ஒரு மூக்குப்பேணி, பக்கத்தில் மூக்கு வைத்த குவளை, இருந்தது. மயிலிட்டியிலிருந்து எப்படியோ கூட வந்த ஒரே பித்தளைச் சாமான். அதில் எனக்கு ஊற்றித் தருவார், தான் சிரட்டையில் குடிப்பார்.

நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்டால், என் வீட்டார் எல்லோரும் ஒவ்வொருவராக வெளியே போய்விட்டார்கள். மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த அறையில் நான் மட்டும். கரண்ட் இல்லை. பற்றரி கிடைக்காததால் ரேடியோவும் ஊமை. ஊரில் என் பகிடிக்குச் சிரிப்பவர்கள் பலர் இருந்தார்கள். திருப்பி அடிப்பவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் பின்னேரம் போனபோது சம்மாட்டி பெருவிரலடியில் இல்லை. மரியதாஸ் அண்ணையின் கால் பெருவிரலில் சீலைத் துண்டு சுற்றியிருந்தது.

"எங்கை முதலாளி?"

"கோவம். வலைக் குவியலுக்கை போய்க் கிடக்கிறார். நேற்றையிலை இருந்து இறால் கூடத் தொடுறாரில்லை." குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு விளங்கீட்டுது போலை. எனக்குப் படகு சரிவந்திட்டுதடா. நாளைக்கு வெளிக்கிடுது."

எவ்வளவு காலம் அவர் காத்திருந்த படகு! இந்தியாவுக்கு ஆள் ஏற்றும் ஓட்டியின் பின்னால் அலைந்து, இடம் இல்லை, எண்ணெய் இல்லை, கடல் சரியில்லை என்று ஒவ்வொரு மாதமும் திரும்பி வந்தவர். முகத்தை வழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார். நானும் மாப்பிள்ளைப் பகிடி ஒன்றைத் தொடங்கினேன். அதற்குள் குட்டி வலைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

பின்னங்கால் இரண்டும் அதன் சொல் கேட்கவில்லை. நாலு அடி வைத்து ஒரு பக்கமாகச் சரிந்தது. வாயோரம் நூல் நூலாக வீணீர். கத்த வாயைத் திறந்தது. தொண்டை கட்டிய கிழவனின் குரல்தான் வந்தது. கீழே கிடந்த வலை ஊசியை, அந்த மரக்கட்டையை, கடித்தது. விளையாட்டுக் கடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கடிக்கும், விடும், துள்ளிப் போகும், திரும்ப வரும். இது கடித்தது, விடவில்லை.

"முள்ளுச் சிக்கிப் போச்சு" என்றார் மரியதாஸ் அண்ணை. "நேற்றும் பாத்தனான், எடுக்கப் போனால் காலிலை கடிச்சுப்போட்டுது. நல்லதாய்ப் போச்சு நீ வந்தது. நீ பிடரியைப் பிடி, நான் விரலை விட்டு எடுக்கிறன்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மீன்காரர் வீட்டில் பூனை சாப்பிடாமல் வீணீர் வடித்தால், முள்ளு. பிள்ளையின் தொண்டையிலும் பூனையின் தொண்டையிலும் விரலை விட்டு முள்ளெடுத்தே பழகிய கை அவருடையது. அந்தக் கையைப் பார்த்தேன். நைலோன் நூல் அறுத்த கோடுகள், கெளிறு மீன் குத்திய பொட்டுகள், உப்பில் வெடித்த விரலிடுக்குகள். தோலில் மூடியிருந்த இடத்தைவிடத் திறந்திருந்த இடம் கூடுதல். அந்தக் கை குட்டியின் வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

யோசிக்க நேரமில்லை. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பனையோலைக் கடகத்தைத் தூக்கிக் குட்டியின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தேன்.

"டேய்! மூச்சு முட்டிச் செத்துப்போடும்!"

"கடகத்திலை ஓட்டை இருக்கண்ணை. தொடாதையுங்கோ."

இந்த இடத்தில் தம்பிமாருக்கு ஒன்று. சின்னக் குட்டி, கண் திறந்து கொஞ்ச நாள், பால் மணம் போகவில்லை, இதுக்கு எப்படி விசர் வரும் என்று நினைப்பீர்கள். குட்டிக்கு என்று தனிப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. மூன்று மாதமாவது ஆகாத குட்டிக்குத் தடுப்பு மருந்தும் போடமாட்டார்கள். தாயைக் கடித்த நாய் குட்டியையும் கடிக்கும். குட்டி சின்னது, அதன் பல்லும் சின்னது. அதனால் கடித்த இடமும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத காயத்துக்கு எவரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பழகாத குட்டியை வெறுங் கையால் தூக்காதீர்கள். சாக்கு, கடகம், பெட்டி, எது கிடைத்தாலும் மூடுங்கள். அடித்துக் கொல்லவும் வேண்டாம், துரத்திவிடவும் வேண்டாம். மூடி வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் குட்டிக்கும் விளையாட ஒரு கயிற்றுத் துண்டைக் கொடுங்கள், கையையும் காலையும் கொடுக்காதீர்கள்.

"காலைக் காட்டுங்கோ" என்றேன்.

"அது மாறீட்டுது. உப்புத் தண்ணியிலை நிண்டனான், காணும்."

கடல்காரருக்கு உப்புத் தண்ணீர்தான் பெரிய டாக்குத்தர். என் சட்டைப் பையிலிருந்து சவுக்காரத் துண்டை எடுத்தேன். சவுக்காரத்துக்குத் தடை என்பதால் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது. சவுக்காரம் வைத்திருந்தவன் பணக்காரன். அந்தத் துண்டை நான் என் முகத்துக்குக்கூடப் போட்டதில்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வாளி வாளியாக அள்ளி ஊற்றி, பெருவிரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சீலையை அவிழ்த்தபோது இரண்டு சின்னப் புள்ளிகள்தான் இருந்தன, ஊசியால் குத்தியது போல. ஒரு நாள் பிந்திவிட்டது, பிந்தினாலும் கழுவுங்கள்.

"குட்டியைக் கொண்டு வரேக்கை அதின்ரை மேலிலை காயம் ஏதும் கிடந்ததோ?"

"முதுகிலை ஒரு கீறல். அது அப்பவே காய்ஞ்சு போச்சு."

சைக்கிளை மிதித்து மடத்துக்குப் போனேன். அங்கே சமைக்கும் அக்கா பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஊசிக்காரத் தம்பி, சோறு முடிஞ்சுது" என்றார்.

"சோத்துக்கு வரேல்லை அக்கா. மரியதாஸ் அண்ணை கொண்டுபோன பூனைக்குட்டி, அதின்ரை தாய் எங்கை?"

"அது செத்துப் போச்சே. ஒரு வரத்து நாய் வந்து, எங்கடை நாய் இல்லை, வந்த வரத்திலை தாயைக் கவ்வி உதறிப்போட்டுது. குட்டியளையும் விடேல்லை. உந்த ஒண்டுதான் தப்பினது. ஐயோ பாவமெண்டு அந்த மனுசன் கொண்டு போச்சுது."

"நாய்?"

"அது பிறகு பாலத்தடியிலை செத்துக் கிடந்ததெண்டு சொல்லிச்சினம். ஏன் தம்பி? ஏன் முகம் உப்பிடிக் கிடக்கு?"

திரும்பி வருகிற வழியில் சைக்கிளை மிதிக்கவில்லை, உருட்டிக்கொண்டு வந்தேன். நாய்க்கு விசரோ, தெரியாது. குட்டிக்கு விசரோ, தெரியாது. முள்ளாகவும் இருக்கலாம். தலையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் தெரியும். சோதனை கொழும்பில், பாதை பூட்டு, ஐஸ் கட்டிக்கு எங்கே போவது? தெரியாத ஒன்றுக்காக ஒருவரின் படகை நிறுத்த வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஊசி அறையில் ஒரு தாதி, நாங்கள் மிசி என்போம், இருந்தார். அவரிடம் நான் ஒருமுறை, "மிசி, விசர் எண்டு தெரிஞ்சால்தானே ஊசிக்கு வரச் சொல்லலாம்?" என்று கேட்டேன். அவர் பஞ்சைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "தெரிஞ்ச பிறகு நான் ஊசி போடுறதில்லை தம்பி. கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருக்கிறதுதான். தெரியாமல் இருக்கேக்கை கூட்டிக்கொண்டு வா." அவர் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

கொட்டிலில் மரியதாஸ் அண்ணை கடகத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து உள்ளே பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாய் வந்தது, தாய் செத்தது, ஊசி, நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும், இடையில் விட ஏலாது.

அவர் சிரித்தார். "நல்லாய்த்தான் விடுறாய் பகிடி. நான் போனால் உனக்குத் தேத்தண்ணி ஊத்த ஆளில்லை எண்டுதானே?"

"பகிடி இல்லையண்ணை."

"அப்ப இந்தியாவிலை போய்ப் போடுறன். அங்கை ஊசி இல்லையோ?"

"படகு எப்ப போய்ச் சேருமெண்டு ஓட்டிக்கே தெரியாது. வழியிலை திருப்பினால்? எங்கையாவது பிடிச்சு வைச்சால்? இறங்கின உடனை ஆர் உங்களை ஆஸ்பத்திரிக்கு விடப்போகினம்? இது பாத்துக்கொண்டு இருக்கிற வருத்தமில்லையண்ணை. வந்தால் மருந்தில்லை."

"முள்ளெண்டால்?"

"முள்ளெண்டால் ஒரு படகு போச்சு."

"ஒரு படகோ?" அவர் எழும்பிவிட்டார். "உனக்கு ஒரு படகு! என்ரை பெட்டை என்னை மறந்துபோகும் வயதடா. நான் போகேக்கை அடையாளம் காணுவாளோ எண்டு எனக்குத் தெரியாது. பூனைக்குட்டி கடிச்சதெண்டு நிண்டனான் எண்டு மனுசிக்குச் சொல்லவோ? கேக்கிற சனம் சிரியாதோ?"

ஆற்றில் யாரோ இறால் வலை வீசும் சத்தம் கேட்டது. அவர் திரும்ப இருந்தார். பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்து, வழக்கமான குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னார்:

"சரி. சம்மாட்டி கடகத்துக்கை மறியலிலை. இனி எனக்கு ஆர் முதலாளி? நீயோ?"

அந்தப் பந்து எனக்காகவே போட்டது. என் நாக்கில் மூன்று பதில் வந்து நின்றது, மூன்றும் நல்ல பதில். ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அவர் சிரித்திருப்பார், நானும் சிரித்திருப்பேன், அவர் படகேறியிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு அவர் காலைப் பார்த்தபடி இருந்தேன்.

அவர் காத்திருந்தார். நான் திருப்பி அடிக்கவில்லை.

"ஏன்ரா சிரிக்கேல்லை?"

நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து மாப்பிள்ளைக் களை இறங்கிப் போவதை நான் பார்த்தேன். தலைக்கு வைத்த எண்ணெய் மட்டும் மினுங்கியது.

"நாளைக்கு எத்தினை மணிக்குப் போகவேணும்?" என்று கேட்டார்.

குட்டி அடுத்த நாள் கடகத்துக்குள்ளேயே செத்துப்போனது. நாங்கள் முதல் ஊசி போட்டுவிட்டு வந்தபோது அசைவில்லை. மரியதாஸ் அண்ணை மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்தார்.

"தொண்டையை ஒருக்கா வெட்டிப் பாப்பம். முள்ளிருந்தால் நான் இப்பவே ஓட்டியிட்டை ஓடுறன். படகு இன்னும் வெளிக்கிடேல்லை."

"வெட்ட விடமாட்டன் அண்ணை."

"என்ரை பூனையடா!"

"செத்தாலும் வாயிலை நஞ்சு இருக்கும். வெட்டிற கை உங்கடை கை. முள்ளிருந்தாலும் விசர் இல்லையெண்டு அதாலை சொல்லேலாது."

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் என்னைத் தள்ளிவிட்டிருந்தால் என்னால் தடுத்திருக்க முடியாது. கடலில் தண்டு வலித்த தோள் அது. கத்தியைக் கூரைக் கிடுகில் செருகிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நான் கைகளில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு கடகத்தோடு குட்டியை எடுத்தேன். நாய் தோண்டாத ஆழத்தில் அவரே கிடங்கு வெட்டினார். மூடிய பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, சந்நிதிப் பக்கம் திரும்பியும் ஒரு கும்பிடு போட்டார்.

படகு போனது. அவர் இல்லாமல் போனது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு செய்தியும் வந்தது. அதைச் சொன்னபோது அவர் "நல்லது" என்றார்.

ஒவ்வொரு நாளும் அவரைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிறு முழுக்கத் தடித்து, சாரத்தை இறுக்கிக் கட்ட முடியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வருவார். வழியில் கதை இல்லை. மட்காட் மட்டும் கதைத்துக்கொண்டு வரும். தேத்தண்ணிக்குக் கூப்பிடவும் இல்லை. ஊசி முடிந்த கடைசி நாள் கொட்டில் வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். என் வேலை முடிந்தது. சட்டப்படி அந்த வாசலுக்கு நான் பிறகு போக வேண்டியதில்லை.

கொஞ்ச நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மட்காட் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவர் கொட்டில் வாசலுக்கு வந்து நின்றார். கையில் மூக்குப்பேணி. என்னை நேரே பார்த்துக்கொண்டு, பேணியை உயரத் தூக்கி, அண்ணாந்து, தண்ணீரைக் கடகடவென்று தொண்டைக்குள் ஊற்றினார். முழுவதையும் குடித்துவிட்டு, பேணியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. உள்ளே போய்விட்டார்.

விசர் பிடித்தவர் தண்ணீர் குடிக்க மாட்டார் என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். "பார், எனக்கு ஒண்டுமில்லை, என்னைச் சும்மா மறிச்சாய்" என்று சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று முழுக்க அது என் நெஞ்சில் கிடந்தது.

அடுத்த முறை போனபோதும் வந்து நின்று குடித்தார். அதற்கடுத்த முறையும். நாலைந்து முறைக்குப் பிறகு, குடித்து முடித்துப் பேணியைக் கவிழ்க்கும்போது அவர் வாயோரம் கொஞ்சம் கோணியதைக் கண்டேன். பகிடி! மனிதர் எனக்குப் பந்து போடுகிறார்.

"தண்ணி காணுமோ, ஆத்திலை அள்ளித் தரவோ?" என்று கத்தினேன்.

"உன்ரை மூஞ்சையைப் பாத்தால்தான்ரா எனக்குத் தண்ணிப் பயம் வருது!"

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போனேன். அவர் பழையபடி தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை, நானும் இறங்கவில்லை. வாசலில் மெதுவாக்குவேன், அவர் குடிப்பார், கவிழ்ப்பார், நான் போவேன். அவர் இன்றைக்குத் தண்ணீர் குடித்தாரா என்று பார்க்க அந்த ஊரில் வேறு ஆளில்லை. நான் இன்றைக்கு வந்தேனா என்று பார்க்கவும் வேறு ஆளில்லை.

அது விசரா, முள்ளா? எனக்குத் தெரியாது. நாங்கள் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, தம்பிமாரே. ஒன்றும் நடக்காததைக் காட்டி, "பார், நான் சொன்னது சரி" என்று எவரிடமும் சொல்ல முடியாது. ஒரு மனிதர் உயிரோடு இருந்து உங்களைத் திட்டுவார். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதிக்க வேண்டும்.

கடல் அமைதியான ஒரு காலத்தில், ஒரு நாள் காலை போனபோது அவர் வாசலுக்கு வரவில்லை. மட்காட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கொட்டிலில் வலை ஒன்றும் இல்லை. பொத்தியதெல்லாம் உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் நட்ட கப்புத் தூணின் மேல், மூக்குப்பேணி கவிழ்த்து வைத்திருந்தது. போய்ச் சேர்ந்தாரா, பெட்டை அடையாளம் கண்டாளா, ஒரு செய்தியும் வரவில்லை. பேணியை எடுத்து வந்தேன்.

இப்போது நானும் போகிறேன். அறையில் யன்னலடியில் அந்தப் பேணி இருக்கிறது, சவுக்காரத் துண்டையும் அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன். சவுக்காரத்தை உங்கள் முகத்துக்குப் போட்டீர்கள் என்று கேள்விப்பட்டால் கடல் தாண்டி வந்து அடிப்பேன்.

ஊசி முடிந்த ஆட்களின் வீட்டுக்குப் பிறகு போகத் தேவையில்லை என்று உங்களுக்குச் சொல்வார்கள். அது சரி. ஆனாலும் அந்த வழியால் போகும்போது கொஞ்சம் மெதுவாகப் போங்கள். மட்காட்டை மட்டும் திருத்திவிடாதீர்கள். உள்ளே யாராவது கேட்டுவிட்டு, வாசலுக்கு வந்து தண்ணீர் குடிக்கலாம்.